ஆர்ட்டின் ஏழு

பிப்ரவரி 3, திங்கள்

இந்த வருஷமும் கழிவு டைரிதான். எங்கள் அச்சகத்தில் ஜூன் மாதத்தைத் தலைகீழாகத் தைத்துவிட்டார்கள் என்று ஒதுக்கியவற்றில் ஒன்று. ஒதுக்கியதும் நானே, வீட்டுக்குத் தூக்கி வந்ததும் நானே. தாளில் கோடு ரொம்ப மெலிதாக விழுந்திருக்கிறது. அதனால் ஒரு வரி விட்டு ஒரு வரி, எழுத்தையும் கொஞ்சம் பெரிதாக எழுதுகிறேன்.

இன்று மானம் போயிற்று. சீட்டுக்கட்டு செக்கிங்கில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்த சீனியம்மாள், சிவகாசியில் இவள் விரலுக்குத் தப்பிய கழிவு கிடையாது என்று பேர் வாங்கியவள், இன்று கட்டுக்கு இருபத்தாறு சீட்டைத் தூக்கிக் கழிவுப் பெட்டியில் போட்டேன். பாதிக் கட்டு! கட்டிங் மிஷின் சண்முகவேல்தான் அளவு தப்பி வெட்டிவிட்டான் என்று நினைத்தேன். விரலை ஓட்டினால் ஒன்று விட்டு ஒன்று குட்டை. அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். பக்கத்தில் உட்காரும் பேச்சி எடுத்துப் பார்த்துவிட்டு, "சரியாத்தானக்கா இருக்கு" என்றாள். ஸ்கேல் வைத்த பிறகுதான் ஒத்துக்கொண்டாள். எனக்கு ஸ்கேல் வேண்டாம்.

நேரே சண்முகவேலிடம் போய், "குடிச்சிட்டா மிஷின்ல நிக்கிற?" என்று கேட்டுவிட்டேன். அவன் குடிக்கவே மாட்டான், பாவம். சத்தம் கேட்டு முதலாளி ஞானதுரை அண்ணாச்சி வந்தார். கழிவுப் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"சீனி, ஆர்டரே அதான்! குட்டையா வெட்டணும்னு சொல்லித்தான் குடுத்திருக்காக. இது மேஜிக்காரரு சீட்டு."

பேச்சி இன்னும் சிரித்து முடிக்கவில்லை. கழிவுப் பெட்டியில் போட்டதை எல்லாம் நானே உட்கார்ந்து பொறுக்கினேன். சண்முகவேலிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நாளை டீ வாங்கிக் கொடுக்க வேண்டும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

டீ வாங்கிக் கொடுத்தேன். கூட ஒரு வடையும்.

அண்ணாச்சி சாம்பிள் கட்டு ஒன்றை வைத்து எங்களுக்கு விளக்கினார். கட்டில் இருபத்தாறு சீட்டு சரியான நீளம், அத்தனையும் வேறு வேறு. மற்ற இருபத்தாறும் அரை மில்லி குட்டை, அத்தனையும் ஒரே சீட்டு, ஆர்ட்டின் ஏழு. நீளம் ஒன்று, குட்டை ஒன்று என்று மாறி மாறி அடுக்கியிருக்கிறது. முகத்தைக் காட்டி விரலால் சரசரவென்று விட்டால் குட்டை எல்லாம் நீளத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். பார்க்கிறவனுக்கு ராஜா, ராணி, ஜாக்கி, எல்லாம் கலந்த சாதாரணக் கட்டு. முதுகைக் காட்டி விட்டு, எங்கே வேண்டுமானாலும் நிறுத்தச் சொன்னால், நிறுத்திய இடத்தில் மேலே இருப்பது எப்போதும் குட்டைச் சீட்டு. எப்போதும் ஏழு.

"நிறுத்துன்னு சொல்லு சீனி."

சொன்னேன். ஏழு. மறுபடி சொன்னேன். ஏழு. சீக்கிரம் சொன்னேன், தாமதமாகச் சொன்னேன், சொல்லாமல் இருந்துவிட்டுத் திடீரென்று சொன்னேன். ஏழு, ஏழு, ஏழு. பத்தாவது தடவை அண்ணாச்சி, "எனக்கு வேற வேலை இருக்கும்மா" என்று கட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை லட்சம் சீட்டு இந்தக் கையில் போயிருக்கும்! அரை மில்லி குறைந்தால் கழிவு என்று வீசினேனே தவிர, அந்த அரை மில்லிக்குள் இவ்வளவு பெரிய ஆச்சரியம் உட்கார்ந்திருக்கிறது என்று ஒருநாளும் தோன்றவில்லை. ரகசியம் முழுவதும் தெரிந்த பிறகும் ஆச்சரியம் குறையவில்லை. அதுதான் இன்னும் ஆச்சரியம்.

ஆர்டர் நானூறு கட்டு. ஈரோட்டுக்காரர், மேஜிக் ரத்தினம் என்று பேர். "இந்தச் செக்கிங் உன்னையத் தவிர யாரு கையிலயும் நிக்காது" என்று அண்ணாச்சி எல்லார் முன்னாலும் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். டவுன் பஸ் நம்பர் பார்க்காமல் வேறு பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி நடந்தேன்.

பிப்ரவரி 6, வியாழன்

செக்கிங் மேஜைக்கு மேலே ட்யூப்லைட்டை மாற்றச் சொன்னேன். மாற்றியாயிற்று என்கிறார்கள். மாற்றிய மாதிரி இல்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

நூற்று எண்பது கட்டு முடித்துவிட்டேன். பேச்சி வாயைப் பிளக்கிறாள். என் முறை சுலபம். நீளச் சீட்டைக் கண்ணால் பார்க்கிறேன். குட்டைச் சீட்டை விரலால் பார்க்கிறேன். எல்லாம் ஏழுதானே, அதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? ஓரம் சரியாக இருக்கிறதா, அடுக்கு மாறாமல் இருக்கிறதா என்பதை விரல் சொல்லிவிடும். முடிந்ததும் "செக்கர் 14" என்று அச்சிட்ட துண்டுத்தாளை உள்ளே வைக்கிறேன்.

இந்த மாதம் மை சரியில்லை. சிவப்பு சிவப்பாக இல்லாமல் பழுப்படித்துக் கிடக்கிறது. பேச்சியிடம் சொன்னேன். "நல்லாத்தானக்கா இருக்கு" என்றாள். அவளுக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும்.

ஏனோ இன்று கமலத்தக்கா ஞாபகம். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர். கண் மங்கிவிட்டது என்று தெரிந்த ஒரே வாரத்தில் பண்டல் கட்டுகிற இடத்துக்கு அனுப்பினார்கள். குனிந்து நிமிர முடியாமல் மூன்றாம் மாதம் நின்றுவிட்டார். பிறகு கடைத்தெருவில் ஒருநாள் பார்த்தேன். என்னை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போனார். நானும் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்று இன்றுவரை தெரியாது.

பிப்ரவரி 15, சனி

உளுந்தில் இரண்டு கல். என் வீட்டுக்காரர் கடித்துவிட்டார். "என்ன சீனி, சீட்டுல தூசி கண்டுபிடிக்கிறவ, உளுந்துல கல்லை விட்டுட்டியே?" என்றார். கடைக்காரன் மேல் பழியைப் போட்டேன். அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 19, புதன்

மேஜிக் ரத்தினம் வந்தார். கோட்டு, தொப்பி எல்லாம் எதிர்பார்த்திருந்தோம். வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, கையில் ஒரு மஞ்சள் பை. அறுபது வயது இருக்கும். விதை வியாபாரி மாதிரி இருந்தார்.

நானூறு கட்டும் அடுக்கி வைத்திருந்தோம். நடுவிலிருந்து ஒன்றை உருவினார். அண்ணாச்சி விடவில்லை. "எங்க பிள்ளைகளுக்கு ஒரு தடவை செஞ்சு காட்டுங்க" என்றார். மிஷினை நிறுத்திவிட்டு எல்லாரும் கூடினோம்.

அண்ணாச்சி செய்ததும் இவர் செய்ததும் ஒன்றா! அதே சீட்டு, நாங்கள் வெட்டி, நாங்கள் அடுக்கிய சீட்டு. அது அவர் கையில் தண்ணீராக ஓடியது. முகத்தைக் காட்டி விட்டார், எல்லாம் வேறு வேறு. முதுகைக் காட்டி விட்டார், பேச்சி நிறுத்தினாள், ஏழு. சண்முகவேல் நிறுத்தினான், ஏழு. ஆறு பேர் நிறுத்தினார்கள். ரகசியம் தெரிந்த நாங்களே ஒவ்வொரு தடவையும் கத்தினோம். அண்ணாச்சி சின்னப்பிள்ளை மாதிரி குதித்தார்.

பிறகு அவர் உள்ளே இருந்த துண்டுத்தாளைப் படித்தார். "பதினாலு யாருங்க?"

என்னை முன்னால் தள்ளினார்கள். எல்லாரும் ஜன்னல் பக்கம் நின்றிருந்தார்கள். எனக்கு எதிரே ஜன்னல், கண் கூசுகிற வெயில். அவர் என் தோளுக்குப் பக்கத்தில் நின்று சீட்டை விட்டார். "நிறுத்துங்க" என்றேன். மேல் சீட்டை என் கையில் கொடுத்தார்.

"நீங்க மட்டும் பாருங்கம்மா."

கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். விரல் ஓரத்தில் போயிற்று. குட்டை. பிறகு என்ன?

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

அதுவரை ஓடிக்கொண்டே இருந்த அவர் கை நின்றது. என்னைப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

"என்ன சீட்டுன்னு எனக்கு மட்டும் சொல்லுங்க."

"ஆர்ட்டின் ஏழு" என்றேன். அவருக்கு மட்டும் என்றாரே தவிர, நான் எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். கூட்டம் சிரித்தது.

"காட்டு சீனி, எல்லாருக்கும் காட்டு!" என்றார் அண்ணாச்சி. நான் கையைத் திருப்பப் போனேன்.

"இருங்க மொதலாளி, அவசரப்படாதீங்க. இது இவங்க சீட்டு, நான்தான் காட்டுவேன்." சட்டென்று என் விரலிலிருந்து சீட்டை எடுத்துக்கொண்டார். ஒரு தடவை ஊதினார். தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். "ஏழு! ஏழு!" என்று எல்லாரும் கை தட்டினார்கள்.

தட்டல் அடங்குவதற்குள் அந்தச் சீட்டை என் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். "இது உங்களுக்கு. யாருகிட்டயும் குடுக்காதீங்க. ஒருநாள் நல்ல வெளிச்சத்துல வச்சுப் பாருங்க."

பிறகு அண்ணாச்சியிடம், பெட்டி டிசைனை மாற்றப் போகிறேன், நான் சொல்லும் வரை கட்டு எதையும் ஒட்டவும் வேண்டாம், அனுப்பவும் வேண்டாம் என்று சொன்னார். நேற்று போனில் டிசைன் பிரமாதம் என்றாராம். ஈரோட்டுக்காரர்களின் புத்தி நமக்கு விளங்காது.

கேட் அருகே என்னிடம் தனியாக வந்தார். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. ஜனங்க கண்ணு எங்க பாக்குதுன்னு பாத்து முப்பது வருசமா பொழைக்கிறவன் நான். சீட்டைக் கையில குடுத்தப்ப உங்க கண்ணு சீட்டுல இல்ல. ஒருக்கா டாக்டர்கிட்டக் காட்டுங்க."

"என் கண்ணுக்கு ஒண்ணுமில்ல" என்றேன்.

"சரிங்கம்மா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

பிப்ரவரி 20, வியாழன்

வித்தைக்காரன் வித்தையோடு நிற்க வேண்டும். என் கண்ணைப் பற்றிப் பேச இவன் யார்? வெயில் கூசினால் யாருக்கும்தான் கூசும்.

சீட்டை இந்த டைரிக்குள் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

இவர் கடைக்குப் போன பிறகு சீட்டை எடுத்தேன். மேஜிக்காரர் நல்ல வெளிச்சத்தில் பார்க்கச் சொன்னாரே, பார்த்துவிட்டு அவர் முகத்தில் கரி பூசலாம் என்று.

மொட்டை மாடிக்குக் கொண்டுபோனேன். வெறும் வெளிச்சம்தான் தெரிந்தது. நிழலுக்கு வந்தேன். தெரியவில்லை. அடுப்பங்கரை ஜன்னல், கண்ணாடி மேஜை, டார்ச். கிட்டே வைத்தேன், தள்ளி வைத்தேன், கண்ணைச் சுருக்கினேன். வெள்ளையாக ஒரு மங்கல். அவ்வளவுதான். திருப்பினால் முதுகுப் பக்கத்து நீலம் நீலம் என்றாவது தெரிகிறது. ஏழு சிவப்புப் புள்ளி, மாங்கொட்டை அளவு இல்லாவிட்டாலும் புளியங்கொட்டை அளவு இருக்கும், அதில் ஒன்றுகூட, ஒன்றே ஒன்றுகூடத் தெரியவில்லை.

நீலம் தெரிகிற கண்ணுக்குச் சிவப்பு ஏன் தெரியவில்லை? கண்ணில் சிவப்பு மட்டும் முதலில் செத்துப்போகுமா? அப்படித்தான் இருக்க வேண்டும்.

மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், இனி அடிக்கப் போவதில்லை. பயமாக இருக்கிறது.

ட்யூப்லைட்டில் ஒன்றுமில்லை. மையிலும் ஒன்றுமில்லை. கோடும் சரியாகத்தான் விழுந்திருக்கும்.

பிப்ரவரி 24, திங்கள்

இவரிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"உளுந்துலயே தெரிஞ்சுபோச்சு. நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன்" என்றார்.

வரும் ஞாயிறு பள்ளிக்கூடத்தில் கண் முகாம். மதுரையிலிருந்து டாக்டர்கள் வருகிறார்களாம்.

மார்ச் 2, ஞாயிறு

இரண்டு கண்ணிலும் புரை. வலது கண் ரொம்ப முற்றிவிட்டது, எப்படி வேலை செய்தீர்கள் என்று அந்த டாக்டர் பெண் ஆச்சரியப்பட்டாள். "சரியாயிருமாம்மா?" என்று கேட்டேன். "நல்லாத் தெரியும்" என்றாள். மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் அதையே சொன்னாள். இன்றைக்கே மதுரைக்குக் கூட்டிப்போகிறார்கள், வலது கண்ணுக்கு நாளை ஆபரேசன்.

வெளியூர்க் கல்யாணம் என்று அச்சகத்தில் லீவு சொல்லியிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் நாற்காலி போய்விடும்.

மார்ச் 3, திங்கள்

இதை எழுதுவது வேலுச்சாமி, சீனியம்மாளின் வீட்டுக்காரர். மதுரையில் ஆபரேசன் நல்லபடியாக முடிந்தது. இன்றைய நாளை விடக்கூடாது என்று அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். கண்கட்டை அவிழ்த்ததும் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பாளாம். இதை அவள் சொல்லவில்லை, நானே எழுதினேன்.

மார்ச் 4, செவ்வாய்

முதலில் பார்த்தது நர்ஸின் மூக்குத்தியை. அப்புறம்தான் இவரை. காதோரம் இவ்வளவு நரைத்துப்போயிருக்கிறார், யாரும் எனக்குச் சொல்லவே இல்லை.

கறுப்புக் கண்ணாடி போட்டுவிட்டார்கள். அதற்குள்ளும் எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. சுவரில் ஊர்கிற எறும்பு தெரிகிறது. இந்த டைரியில் கோடு தெரிகிறது! கறுகறுவென்று, ஒரு வரிகூட விடாமல். என் எழுத்தைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது, ஒவ்வொன்றும் கோழிக்குஞ்சு அளவு.

பிறகு சீட்டை எடுத்தேன்.

வெள்ளை.

எறும்பு தெரிகிறது, கோடு தெரிகிறது, ஏழு மட்டும் தெரியவில்லை. ஆபரேசன் பலிக்கவில்லையா, இந்தக் கண்ணில் சிவப்பு செத்தேபோயிற்றா? சுற்றிப் பார்த்தேன். தண்ணீர் வாளி சிவப்பு. நன்றாகச் சிவப்பு. சீட்டைத் திருப்பினேன். முதுகில் நீலக் கொடி, ஒவ்வொரு இலையும் நரம்போடு தெரிந்தது. மறுபடி திருப்பினேன். வெள்ளை.

கண்ணில் கோளாறு இல்லை. சீட்டில்தான் ஒன்றும் இல்லை.

இரண்டு தாள் சேர்ந்து மிஷினுக்குள் போனால் அடித்தாளுக்கு அச்சு விழாது. வார்னிஷ் மட்டும் ஏறிவிடும், விரலுக்கு வித்தியாசம் தெரியாது. இருபத்திரண்டு வருஷமாக இதைப் பிடிப்பதுதான் என் வேலை. இந்த வெறும் சீட்டை நான் பார்த்து, சரி என்று துண்டுத்தாள் வைத்து அனுப்பியிருக்கிறேன். நானூறு கட்டில் அந்தக் கட்டு, அந்தக் கட்டில் இந்தச் சீட்டு, நான் "நிறுத்துங்க" என்ற இடத்தில் என் கைக்கே வந்திருக்கிறது. வெறும் அட்டையைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, முதலாளி முன்னால், ஆர்ட்டின் ஏழு என்று கத்தியிருக்கிறேன்!

பக்கத்தில் நின்ற மேஜிக்காரர் பார்த்துவிட்டார். நான் கையைத் திருப்பியிருந்தால் அன்றைக்கே முடிந்தது என் வேலை. அந்த ஒரு நொடியில் வெள்ளையை மறைத்து, ஏழைக் காட்டி, வெள்ளையை என் கைக்குள்ளேயே மூடிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பெட்டி டிசைன் எதற்கு மாறியது என்பதும் இப்போதுதான் விளங்குகிறது. நல்ல வெளிச்சத்தில் பார்க்கச் சொன்னதும்தான்.

அன்று மாடியில் எனக்கு ஏழு தெரியவில்லை என்று அழுதேன். எந்தக் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. இல்லாத ஏழைத் தேடிப் பயந்துதான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன்.

கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அழாமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டேன்.

மார்ச் 24, திங்கள்

வேலைக்குப் போனேன். நேரே அண்ணாச்சி அறைக்குள் போய் வெள்ளைச் சீட்டை மேஜையில் வைத்தேன். கல்யாணம் இல்லை, கண் ஆபரேசன் என்றேன். இது நான் விட்ட சீட்டு, ஒரு தாளுக்கு நாற்பது சீட்டு, ஆகவே இன்னும் முப்பத்தொன்பது உள்ளே இருக்கும் என்றேன். மேஜிக்காரர் மறைத்ததையும் சொன்னேன்.

"நானூறும் வெளிய போயிருந்தா என் பேரு என்னத்துக்கு ஆகும்?" நன்றாகத்தான் திட்டினார். திட்டி முடித்து, சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நானும் அன்னைக்கு ரெண்டு கண்ணால பாத்தேனே சீனி. ஏழுன்னுதான பாத்தேன்?"

சீட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"கமலம் இப்ப எங்க இருக்கு?" என்றார். தெரியாது என்றேன். "விசாரி" என்றார். அப்புறம், "போ, போயி உன் எடத்துல உக்காரு. நானூறையும் நீயே பாரு. பேச்சியும் ஒருக்காப் பாக்கட்டும்."

நாற்காலியில் உட்கார்ந்தபோது ட்யூப்லைட் பளீரென்று எரிந்தது. எப்போதோ மாற்றியிருக்கிறார்கள்.

மார்ச் 27, வியாழன்

நானூறு கட்டும் முடிந்தது. வெள்ளைச் சீட்டு முப்பத்தொன்பது. டைரியில் ஒன்று. நாற்பது.

பேச்சி கண்டுபிடித்தது எதுவும் இல்லை. அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்.

மார்ச் 28, வெள்ளி

மேஜிக் ரத்தினம் சரக்கு எடுக்க வந்தார். பெட்டி டிசைன் பழையதே இருக்கட்டும் என்று அண்ணாச்சியிடம் சொன்னார்.

நான் கையோடு கொண்டுபோயிருந்த டைரியிலிருந்து வெள்ளைச் சீட்டை எடுத்து நீட்டினேன். நன்றி சொல்லத்தான் போனேன். வாயில் வந்தது வேறு. "அன்னைக்கு என்ன செஞ்சீங்க? இப்ப என் முன்னால செய்யுங்க. எனக்கு இப்பக் கண்ணு நல்லாத் தெரியும்."

அவர் என் கண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தார். சிரித்தார். "ஆமா, தெரியுது" என்றார்.

இரண்டடி தூரம். கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். வெள்ளைச் சீட்டை வாங்கி, இரு பக்கமும் காட்டினார். ஊதினார். ஏழு. பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், இமைக்கக்கூட இல்லை. என் கையில் வாங்கி எண்ணினேன். ஏழு சிவப்புப் புள்ளி, ஒவ்வொன்றின் ஓரமும் அவ்வளவு சுத்தம். மை நல்ல மைதான்.

"டைரில வச்சுக்கங்க" என்று அவரே வாங்கி, நான் நீட்டிய டைரிக்குள் சொருகிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து இவரிடம் காட்ட டைரியைத் திறந்தேன். வெள்ளை.

இவர் நம்பவில்லை. "மறுபடி ஆரம்பிச்சிட்டியா சீனி?" என்கிறார். எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். அது ஆர்ட்டின் ஏழு. நான் பார்த்தேன். என் கண்ணால் பார்த்தேன்.